நன்றாக வரைவேன், தையல் தெரியாது: ஃபேஷன் டிசைனிங்கில் சேரலாமா?

கேள்வி: ஆத்தூரில் +2 காமர்ஸ் முடித்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே உடைகளாக வரைந்து நோட்டு நோட்டாக வைத்திருக்கிறேன். ஃபேஷன் டிசைனர் ஆக வேண்டும் என்று ஆசை. நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) கிடைக்காவிட்டால் வேறு வழி உண்டா? எனக்குத் தையல் தெரியாது, அது கட்டாயமா? அப்பா, "தையல் மெஷின் மிதிக்கவா உன்னை இவ்வளவு தூரம் படிக்க வைத்தேன்" என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்:

மூன்று கேள்விகளில் நடுவில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

ஆமாம், தையல் கட்டாயம். பிழைப்புக்காகத் தைக்க வேண்டியதில்லை. ஆனால் துணி எப்படி உடையாகிறது என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் திருப்பூரில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். கோவையில் காஸ்ட்யூம் டிசைன் படித்துவிட்டு ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் சேம்பிள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது புதிதாக வேலை கேட்டு வருபவர்களின் ஃபைலைப் பார்ப்பதும் என் பொறுப்பு. ஓவியங்கள் பெரும்பாலும் அழகாகத்தான் இருக்கும். நிஜத்தில் மனிதர்கள் ஏழரைத் தலை உயரம், ஃபேஷன் ஓவியத்தில் ஒன்பது பத்துத் தலை உயரம் வரைவார்கள். அந்த உயரத்தில் எதை மாட்டினாலும் நன்றாகத் தெரியும். நான் ஒரு படத்தைக் காட்டி, "இந்த கவுனை அந்தப் பெண் எப்படிப் போட்டுக்கொள்வாள்? ஜிப் எங்கே வருகிறது?" என்று கேட்பேன். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். அவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் நினைப்பதில்லை. துணியைத் தொட்டுப் பழகும் வாய்ப்பை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கல்லூரி எது என்று யோசிப்பதற்கு முன்னால், வீட்டிலேயே செய்யக்கூடிய சில வேலைகளைச் சொல்கிறேன். காசு அதிகம் ஆகாது.

அப்பாவின் பழைய சட்டை ஒன்றை எடுத்துத் தையல்களை மட்டும் பிரியுங்கள். துணியைக் கிழிக்கக் கூடாது. எல்லாத் துண்டுகளையும் தரையில் பரப்பி எண்ணிப் பாருங்கள். காலர், காலருக்குக் கீழே வரும் பட்டி, தோளின் பின்பக்கத் துண்டு, முன்பக்கம் இரண்டு, முதுகு, கை, கைப்பட்டி, பாக்கெட் என்று பத்துக்கு மேல் போகும். கையின் மேல் வளைவை அளந்துவிட்டு, அது போய்ச் சேரும் ஆர்ம்ஹோலையும் (கை பொருத்தும் துளை) அளந்து பாருங்கள். பெரும்பாலும் கை வளைவு கொஞ்சம் நீளமாக இருக்கும். அந்தக் கொஞ்சம்தான் தோள் முனையின் உருண்டைக்கு இடம் கொடுக்கிறது. இதைப் படத்தில் பார்த்தால் மறந்துபோகும். கையால் பிரித்துப் பார்த்தால் மறக்காது. அப்புறம் அதே சட்டையைத் திரும்பத் தைக்கப் பாருங்கள். கோணலாகத்தான் வரும், பரவாயில்லை.

அடுத்து, உங்களுக்கே ஒரு ஜாக்கெட். கடையில் காடாத் துணி வாங்கி அதில் தையுங்கள், விலை குறைவு, வெட்டிக் கெடுக்கத் தயக்கம் வராது. புடவை ஜாக்கெட்டை நம் ஊரில் சாதாரணமாக நினைக்கிறோம். எனக்குத் தெரிந்த தினசரி உடைகளில் மிகக் கடினமான ஒன்று அது. நீட்சியே இல்லாத துணியை, உடம்பின் மிக வளைவான பகுதியில், சுருக்கம் விழாமல் ஒட்ட வைக்க வேண்டும். டாட் (வளைவுக்காகத் துணியை மடித்துப் பிடிக்கும் கூர்த் தையல்) எங்கிருந்து எங்கே பிடிப்பது, மேலிருந்து கீழே ஓடும் பிரின்சஸ் கட் தையல் ஏன் டாட்டின் வேலையைச் செய்கிறது, கிராஸ் கட்டில் துணியை ஏன் சாய்த்துப் போடுகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு முழ நீள உடையில் இருக்கிறது. துணியில் நெடுக்கே ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டு திசையிலும் துணி அவ்வளவாக இழுபடாது. 45 டிகிரி சாய்த்து இழுத்தால் கொடுக்கும். கிராஸ் கட்டின் ரகசியம் அதுதான். உங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்கா ஒருவர் கட்டாயம் இருப்பார். தினமும் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு செமஸ்டருக்கான பாடம் அங்கே கிடைக்கும்.

மூன்றாவது, துணி நோட்டு. கையில் கிடைக்கும் ஒவ்வொரு துணியிலும் சின்னத் துண்டு வெட்டி ஒட்டி, பெயர், விலை, எங்கே வாங்கியது என்று எழுதுங்கள். துணி கொஞ்சம் அதிகமாக இருந்தால் அதில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டம் வரைந்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். 24 ஆகிவிட்டால் அது 4 சதவீதம் சுருங்கும் துணி. அதில் 70 சென்டிமீட்டர் நீளத்துக்கு டி-ஷர்ட் தைத்தால், முதல் துவைப்பிலேயே கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். இதைத் தெரிந்துகொண்டு முன்கூட்டியே நீளம் விடுவதும் டிசைன்தான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். காமர்ஸ் படித்தவர் நீங்கள், இந்தத் துறைக்கு அது குறையே இல்லை. திருப்பூரில் துணியை எடையில்தான் பேசுவோம். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற கணக்கு. வட்டமாக வெட்டும் ஒரு கருவி உண்டு, அது சரியாக 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டும். அந்தத் துண்டின் எடையை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். வந்துவிடும். 1.6 கிராம் இருந்தால் 160. இப்போது ஒரு டி-ஷர்ட்டைப் பாருங்கள். நீளம் 70, கை நீளம் 20, மடிப்புக்கும் தையலுக்கும் 10, மொத்தம் 100 சென்டிமீட்டர். அகலம் 52, அதற்குத் தையல் விட 4, ஆக 56. முன்னும் பின்னுமாக இரண்டு மடங்கு. 100 x 56 x 2 என்றால் 11,200 சதுர சென்டிமீட்டர், அதாவது 1.12 சதுர மீட்டர். 160 ஜி.எஸ்.எம். துணியில் இது சுமார் 179 கிராம். வெட்டும்போது வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 197 கிராம் வரும். கையைக் கொஞ்சம் நீட்டினால், உடம்பைக் கொஞ்சம் தளர்த்தினால் ஒரு சட்டைக்கு எத்தனை கிராம் கூடும் என்று இப்போது நீங்களே சொல்லலாம். ஐம்பதாயிரம் பீஸ் ஆர்டரில் பத்து கிராம் கூடினால் ஐந்நூறு கிலோ துணி. வரையும்போதே இந்தக் கணக்கு மனதில் ஓடும் டிசைனரைத்தான் எந்த நிறுவனமும் விடாது.

எனக்கு இது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடவில்லை. சேர்ந்த இரண்டாவது வருஷம் குழந்தைகளுக்கான டி-ஷர்ட் ஒன்று டிசைன் செய்தேன். உடம்புக்கு வெள்ளை சிங்கிள் ஜெர்சி (சாதாரண டி-ஷர்ட் பின்னல் துணி), கழுத்துக்கும் கைக்கும் கருஞ்சிவப்பு ரிப் (நன்றாக இழுபடும் வரிப் பின்னல் துணி). பையருக்கு, அதாவது எங்களிடம் வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு, ரொம்பப் பிடித்துப்போய் ஆர்டரும் வந்தது. துணி எல்லாம் சாயமேறி வந்த பிறகு எடுத்த சலவைச் சோதனையில் கழுத்தைச் சுற்றி வெள்ளை முழுக்க ரோஜா நிறம் ஆகிவிட்டது. அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றில் சாயம் இறங்கும் ஆபத்து அதிகம். அதை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கும்போது, ரிப்பை முதலில் தனியாகச் சோதித்திருக்க வேண்டும். நான் கேட்கவே இல்லை, நிறம் அழகாக இருந்தது, அது போதும் என்று நினைத்தேன். ரிப்பைத் திரும்பச் சலவைக்கும், சாயம் இறங்காமல் பிடிக்கவைக்கும் ஃபிக்ஸிங்குக்கும் அனுப்பினார்கள், பத்து நாள் போயிற்று, கப்பலில் போக வேண்டிய சரக்கில் ஒரு பகுதி விமானத்தில் போனது. துணி வெட்டும் எங்கள் மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. அந்த ரோஜா நிறமான சட்டையை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

நிறம் என்று வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடர் நிறத்துக்குச் சாயத்தோடு உப்பும் அதிகம் வேண்டும். அந்த உப்பெல்லாம் ஒரு காலத்தில் நொய்யல் ஆற்றில் போய்ச் சேர்ந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நான் இங்கேதான் இருந்தேன், ஊரே திகைத்துப்போனது. இப்போது பட்டறைகள் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து, உப்பையும் தண்ணீரையும் திரும்ப எடுக்க வேண்டும். அதற்குச் செலவாகிறது. நிற அட்டையில் ஒரு கறுப்பைத் தொடும்போது இதையெல்லாம் சேர்த்துத்தான் தொடுகிறோம் என்பதைப் புதிதாக வருபவர்கள் முதல் நாளிலிருந்தே உணர வேண்டும் என்பது என் ஆசை.

இனிப் படிப்பு. நிஃப்ட் 1986-இல் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் தொடங்கிய நிறுவனம். சென்னை வளாகம் தரமணியில் இருக்கிறது. நான்கு வருஷ டிசைன் பட்டப்படிப்பில் உடை மட்டுமல்லாமல் நெசவு, பின்னலாடை, தோல், அணிகலன் என்று பல பிரிவுகள் உண்டு. +2-இல் காமர்ஸ் எடுத்தவர்களும் எழுதலாம். வழக்கமாக டிசம்பர் வாக்கில் விண்ணப்பம் வரும், பிப்ரவரியில் தேர்வு. வரையும் தேர்வு ஒன்று, பொது அறிவு, மொழி, கணக்கு எல்லாம் கலந்த தேர்வு ஒன்று. இரண்டிலும் தேறினால், கொடுத்த பொருட்களை வைத்து ஒன்றைச் செய்து காட்டும் தேர்வு. வரையும் தேர்வில் கோட்டின் அழகை விட யோசனையைப் பார்க்கிறார்கள். உங்கள் நோட்டுகள் முழுக்க கவுன்களாக இருந்தால், இன்றிலிருந்து பேருந்து நிலையம், சந்தை, பூக்கடை, கோயில் கூட்டம் என்று வரைந்து பழகுங்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும்தான் வரும், எனவே தமிழ் வழியில் படித்திருந்தால் ஆங்கிலப் பயிற்சிக்கு முன்கூட்டியே நேரம் ஒதுக்குங்கள். கட்டணம் செமஸ்டருக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துச் சலுகை உண்டு, அதைத் தெரியாமலே பலர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கிடைக்காவிட்டால்? எங்கள் அலுவலகத்தில் நன்றாக வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் நிஃப்ட் வாசலையே பார்த்ததில்லை. கோவைப் பக்கக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் மூன்று வருஷ பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் இருக்கிறது, சுருக்கமாக சி.டி.எஃப். என்போம். திருப்பூரிலேயே ஏற்றுமதியாளர்கள் தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரி பின்னலாடைக்கென்றே இருக்கிறது. கணிதம், இயற்பியல் எடுத்தவர்களுக்கு பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, குமரகுரு போன்ற இடங்களில் பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜி உண்டு, உங்களுக்கு அது பொருந்தாது. சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய நிலை என்றால் ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷ ஃபேஷன் டிசைன் அண்ட் டெக்னாலஜி பிரிவோ, ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்தின் ஏ.டி.டி.சி. மையங்களின் குறுகிய காலப் பயிற்சியோ போதும். இவற்றைக் குறைவாக நினைக்காதீர்கள். பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித அச்சு) நன்றாகத் தெரிந்த ஐ.டி.ஐ. பெண்ணுக்கு எங்கள் ஊரில் எப்போதும் வேலை இருக்கிறது.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சேர்வதற்கு முன் ஒரு தடவை நேரில் போய்த் தையல் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஓவர்லாக், ஃப்ளாட்லாக் மெஷின்கள் இருக்கின்றனவா, அவற்றில் நூல் கோத்திருக்கிறதா, தரையில் துணித் தூசி கிடக்கிறதா என்று பாருங்கள். உறை போட்டு மூடிய மெஷின்களும் வாசலில் பெரிய ராம்ப் மேடையும் இருந்தால், திரும்பி வந்துவிடுங்கள். விளம்பரத்தில் சினிமா முகங்கள் உள்ள தனியார் அகாடமிகளில் நிறையப் பணம் கட்டி ஏமாந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

சேர்ந்த பிறகு கம்ப்யூட்டரில் எது கற்பது என்று எல்லோரும் கேட்பார்கள். வரைய இல்லஸ்ட்ரேட்டர், திருப்பூரில் கோரல்டிராவும் நிறையப் புழங்குகிறது. பேட்டர்னுக்கு கெர்பர், லெக்ட்ரா. இப்போது பையர்கள் துணி வெட்டுவதற்கு முன்பே க்ளோ போன்ற முப்பரிமாண மென்பொருளில் மாதிரி கேட்கிறார்கள். இதெல்லாம் சில மாதங்களில் வந்துவிடும். பேட்டர்ன் தெரியாதவர் செய்யும் முப்பரிமாண உடை திரையில் மட்டும்தான் நிற்கும்.

வேலை என்று வரும்போது ஓர் உண்மையை நேராகச் சொல்ல வேண்டும். ஏற்றுமதி நிறுவனங்களில் 'டிசைனர்' என்ற பெயரில் இருக்கும் நாற்காலிகள் குறைவு. பல ஆர்டர்களில் டிசைன் பையரிடமிருந்தே வரும், டெக் பேக் என்ற கோப்பில் அளவு, துணி, தையல், லேபிள் எல்லாம் எழுதியிருக்கும். அதைச் சேம்பிளாக்கி, ஒப்புதல் வாங்கி, விலை பேசி, துணி சாயமேறி வருவதிலிருந்து பேக்கிங் வரை பின்தொடர்பவர் மெர்ச்சண்டைசர். உங்கள் முதல் வேலை அநேகமாக அவருக்கு உதவியாளராகவோ, சேம்பிள் பிரிவிலோதான் இருக்கும். அதை மறுக்காதீர்கள். நான் சேம்பிள் பிரிவில் இருந்த மூன்று வருஷம்தான் என்னை டிசைனர் ஆக்கியது. ஒரு கோட்டை வரைந்தால் மாஸ்டர் அதை எப்படி வெட்டுவார், டெய்லர் எந்த இடத்தில் முனகுவார் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பையருக்குப் புதுக் கலெக்‌ஷன் காட்டும்போது உங்கள் யோசனை உள்ளே போகும் நேரம் தானாக வரும்.

ஃபைல் தயாரிக்கும்போது நாற்பது ஓவியம் வேண்டாம். நீங்களே தைத்த ஐந்து உடை போதும். ஒவ்வொன்றுக்கும் முன், பின் தட்டைப் படம் (ஆள் இல்லாமல் உடையை மட்டும் கோட்டில் வரைந்தது), அளவுப் பட்டியல், துணித் துண்டு, செலவுக் கணக்கு இவற்றை வையுங்கள். உடையையும் கையோடு கொண்டு வாருங்கள். நாங்கள் எல்லோரும் முதலில் செய்வது அதை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பதுதான்.

ஏற்றுமதி மட்டும்தான் வழி என்றும் இல்லை. நீங்கள் இருப்பது சேலம் மாவட்டம். அம்மாபேட்டையில் நெசவாளர்கள் இருக்கிறார்கள், இளம்பிள்ளையில் புடவை உற்பத்தி நடக்கிறது, சேலத்திலேயே 1960-லிருந்து இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. தறியில் கரை எப்படிச் சேர்கிறது, ஒரு புட்டா (புடவையில் வரும் சின்னப் பூ வேலைப்பாடு) போட எத்தனை இழை தூக்க வேண்டும் என்று புரிந்து டிசைன் செய்பவர்கள் நம் பக்கம் மிகக் குறைவு. எல்லோரும் பொட்டிக் திறக்க ஓடும் காலத்தில் இந்த வாசலில் கூட்டம் இல்லை. எனக்கு இன்னொரு தடவை பதினேழு வயது கிடைத்தால் அங்கேதான் போவேன்.

பொட்டிக் ஆசை இருந்தால் தவறில்லை, ஆரி ஒர்க் கற்றுக்கொண்டு வீட்டிலிருந்தே நன்றாகச் சம்பாதிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் இரண்டு மூன்று வருஷம் வேறொருவரிடம் வேலை செய்த பிறகு தொடங்குங்கள். சொந்தக் கடையில் முதலில் தவறும் இடம் விலை. துணி, லைனிங், நூல், ஊக்கு என்று எழுதுவார்கள், தன் உழைப்பின் மணிக்கணக்கை எழுதமாட்டார்கள். கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை நாற்பது மணி நேரம் ஆனால், அந்த நாற்பதையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும்.

இப்போது அப்பா. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் பேசாதீர்கள். ஆரம்பச் சம்பளம் குறைவு. ஷிப்மென்ட் நேரத்தில் வீடு திரும்ப இரவாகும். வெளிநாட்டு ஆர்டரை நம்பிய தொழில் என்பதால் அங்கே தும்மினால் இங்கே காய்ச்சல் வரும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது எத்தனையோ கம்பெனிகளில் மெஷின்கள் சும்மா நின்றன. இதையெல்லாம் மறைக்காமல் அவரிடம் நீங்களே சொல்லுங்கள். தெரிந்துதான் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிய வேண்டும்.

"தையல் மெஷின் மிதிக்கவா" என்ற வார்த்தைக்கு மட்டும் கோபப்படாமல் இப்படிச் செய்யுங்கள். அவருடைய அளவை எடுத்து, பிரித்துப் பார்த்த அந்தப் பழைய சட்டையை வைத்துப் பேட்டர்ன் போட்டு, அவருக்குப் புதுச் சட்டை ஒன்று தையுங்கள். மூன்று மாதம் ஆகலாம், இரண்டு தடவை கெடலாம். தோள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அவரே கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்க்கட்டும். அதற்கடுத்த வாரம் கோவைக்கோ திருப்பூருக்கோ கல்லூரி பார்க்க அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தையல் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லும்போது அவரும் கூட இருக்கட்டும்.